சென்னைக்குக் குடிபோகும் முன்: மலிவான வாடகைப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



மேலப்பாளையத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் போவார்கள். மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கிவிட்டு, பெருநாளைக்கு ஊர் வருவார்கள். இப்போது மனைவி மக்களோடு குடிபோகிறவர்கள் கூடிவருகிறார்கள். பிள்ளைகள் வாப்பாவின் முகம் பார்த்து வளர்வது நல்லதுதான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் வீட்டு அட்வான்ஸுக்காகக் கர்ளு ஹஸனா கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பெரும்பாலோர் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வீட்டை முடிவு செய்கிறார்கள். ஆறு மாதத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாமல், அதைவிட மலிவான வீடு தேடி இன்னும் தூரமாகப் போகிறார்கள். அங்கே செலவு இன்னும் கூடுகிறது. சிலர் நகையை அடகு வைக்கும் நிலைக்கு வந்து, வட்டியிலும் விழுந்துவிடுகிறார்கள். குறைந்த வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் மலிவான வீடு ஆகாது. இதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

முதலில் ஆள், பிறகு குடும்பம்

வேலை கிடைத்த வாரமே குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போக வேண்டாம். முதல் இரண்டு மூன்று மாதங்கள் வேலைக்குப் போகிறவர் மட்டும் ஒரு மேன்ஷன் அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கட்டும். வேலை நிலைக்குமா, சம்பளம் சொன்னபடி வருகிறதா, ஷிப்டு எந்த நேரம் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். இரவு 10 மணிக்கு வேலை முடிகிறவருக்கும் மாலை 6 மணிக்கு முடிகிறவருக்கும் ஏற்ற பகுதி ஒன்றாக இருக்காது.

வாரம் ஒரு விடுமுறை நாளில் ஒரு பகுதியைப் போய்ப் பார்த்தால், எட்டு வாரத்தில் எட்டுப் பகுதிகளைப் பார்த்துவிடலாம். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதத்தில் குடும்பத்தை அழைத்துக்கொண்டால் படிப்பும் நடுவில் தடைபடாது. முடிவு செய்வதற்கு முன் மனைவியை ஒருமுறை கூட்டிப்போய் வீட்டைக் காட்டிவிடுங்கள். நாள் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப் போவது அவர்தான்.

வாடகைக்குள் ஐந்து தொகைகள்

'டூ-லெட்' போர்டில் எழுதியிருப்பது ஒரு தொகை. நம் கையை விட்டுப் போவது ஐந்து தொகைகள்: வாடகை, போக்குவரத்து, பிள்ளைகளின் பள்ளி வாகனம், தண்ணீர், கரண்ட்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள் இவை. இன்றைய வாடகை நிலவரம் வேறாக இருக்கலாம். கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதம் 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். அவர் இரண்டு வீடுகளைப் பார்த்திருக்கிறார்.

முதல் வீடு கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. வாடகை 8,500. நிலையம் வரை பைக் பெட்ரோல், ஸ்டாண்டு கட்டணம், ரயில் சீசன் டிக்கெட் சேர்த்து 2,000. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் 3,000. போர் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் 900. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கரண்ட் 1,200. மொத்தம் 15,600 ரூபாய்.

இரண்டாவது வீடு பல்லாவரத்தில், நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில். வாடகை 12,000. சீசன் டிக்கெட்டும் எப்போதாவது பஸ்ஸும் 400. பள்ளி பக்கத்திலேயே இருப்பதால் வேன் இல்லை. கேன் தண்ணீர் 500. தனி மீட்டர் என்பதால் கரண்ட் 700. மொத்தம் 13,600 ரூபாய்.

போர்டைப் பார்த்தால் முதல் வீடு 3,500 ரூபாய் குறைவு. கூட்டிப் பார்த்தால் அதுவே 2,000 ரூபாய் கூடுதல். நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதல் வீட்டிலிருந்து போக வர மூன்று மணி நேரம், இரண்டாவதிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்றால், 25 வேலை நாளில் 37 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அந்த நேரம் பிள்ளைகளோடு உட்கார வேண்டிய நேரம். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் பள்ளிவாசலில் இருக்க வேண்டிய நேரம்.

மனுக்களைப் பரிசீலிக்கும்போது அறக்கட்டளை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஐந்து தொகைகளும் சேர்ந்து, கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்த எடுத்துக்காட்டில் பாதி என்பது 14,000. முதல் வீடு தாண்டுகிறது, இரண்டாவது வீடு உள்ளே நிற்கிறது. மீதிப் பாதியில்தான் சாப்பாடு, பள்ளிச் செலவு, மருந்து, ஊரில் இருக்கும் வாப்பா உம்மாவுக்கு அனுப்பும் பணம், பெருநாளைக்கு ஊர் வரும் செலவு எல்லாம் நடக்க வேண்டும்.

வேலையிடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, கூடுவாஞ்சேரி எல்லோருக்கும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. மறைமலைநகர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவருக்கு அதுவே மிகப் பொருத்தமான இடம். தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக ஒரு பகுதியை முடிவு செய்யாமல், வேலை செய்யும் இடத்திலிருந்து எந்த ரயில், எந்தப் பஸ் நேராகப் போகிறது என்று பார்த்து, அந்தத் தடத்திலேயே வீடு தேடுங்கள்.

கிண்டி, பரங்கிமலைப் பக்கம் வேலை என்றால் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு ரயில் தடம் வசதி. அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் சென்ட்ரலிலிருந்து ஆவடி போகும் தடத்தில் வில்லிவாக்கம், கொரட்டூர், ஆவடி எனத் தேடலாம். மண்ணடி, பாரிமுனைக் கடைகளில் வேலை என்றால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் மெட்ரோ ரயில் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை கம்பெனிகள் என்றால் வேளச்சேரி பறக்கும் ரயில் தடமும், பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலையும் உதவும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் கம்பெனி பஸ் விடுவது வழக்கம். அந்தப் பஸ் நிற்கும் இடங்களின் பட்டியலை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு வீடு தேடுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எழும்பூரிலிருந்து நெல்லைப் பக்கம் வரும் ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்ட பஸ்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன. தெற்குத் தடத்தில் வீடு இருந்தால், அவசரத்துக்கு ஊர் வருவது எளிது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால், அந்த பஸ் வீட்டுத் தெருவுக்குப் பக்கத்தில் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் மலிவு என்று கேளுங்கள்

பக்கத்துத் தெருவில் 12,000 இருக்கும்போது ஒரு வீடு மட்டும் 8,000-க்குக் கிடைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பழைய கட்டடம், மேல்மாடி, சிறிய அறை என்றால் தாங்கிக்கொள்ளலாம். காரணம் வெள்ளம் என்றால் தாங்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஆற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அதே மாதம் நம் தாமிரபரணியும் பொங்கியதை நாம் பார்த்தோம். தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தால் ஒரு குடும்பம் எதையெல்லாம் இழக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பகுதிகளில் எல்லாத் தெருவும் மூழ்குவதில்லை. ஆகவே தெருவையும் தளத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். "2015-ல், 2023-ல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுக்காரரிடமும் மளிகைக்கடைக்காரரிடமும் கேளுங்கள். சுவரின் அடிப்பகுதியில் ஈரக்கறை இருக்கிறதா, பக்கத்து வீடுகள் எல்லாம் தெருவைவிட உயர்த்திக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர்த் தட்டுப்பாடு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு நகரமே லாரிக்காகக் காத்து நின்றது. மெட்ரோ வாட்டர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கோடையில் போரில் தண்ணீர் இருக்குமா, லாரி வாங்கினால் அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று தெளிவாகக் கேளுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை நீங்களே சுவைத்துப் பாருங்கள்.

கரண்டுக்குத் தனி மீட்டர் அவசியம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது.

பள்ளிவாசல், மக்தப், ஜமாஅத்

நம்மவர் நிறைய இருக்கும் பகுதியில்தான் வீடு வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். திருவல்லிக்கேணி, மண்ணடி, பெரியமேடு போன்ற பழைய பகுதிகளில் பள்ளிவாசல், மத்ரஸா, ஹலால் கறிக்கடை எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அங்கே வீடுகள் நெருக்கமானவை, கேட்கிற ஆள்களும் அதிகம். இரண்டு பிள்ளைகளோடு காற்று வராத ஓர் அறையில் இருந்துகொண்டு சம்பளத்தில் பாதியைக் கொடுப்பது தேவையா என்று யோசிக்க வேண்டும்.

நமக்குத் தேவை மூன்று: நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளிவாசல்; பிள்ளைகள் ஓத ஒரு மக்தப்; நம்மைத் தெரிந்துகொள்ளும் ஒரு ஜமாஅத். சென்னையின் புறநகர்களிலும் இவை இருக்கின்றன. ஒரு பகுதியைப் பார்க்கப் போகும்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ அங்கேயே தொழுங்கள். தொழுகை முடிந்ததும் இமாமையோ முத்தவல்லியையோ பார்த்து ஸலாம் சொல்லி, நம் ஊர், வேலை, குடும்பம் பற்றிச் சொல்லுங்கள். மக்தப் எந்த நேரம், பெண் பிள்ளைகளுக்கு உஸ்தாது உண்டா, பக்கத்தில் வீடு காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். புரோக்கருக்குத் தெரியாத வீடு மோதினாருக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாத வாடகைக் கமிஷனும் மிச்சமாகும்.

குடிபோன பிறகு அந்த ஜமாஅத்தில் பெயரைப் பதிவு செய்து சந்தாவைக் கட்டிவாருங்கள். நாளை பிள்ளையின் நிகாஹ் என்றால் ஜமாஅத் கடிதம் வேண்டும். வீட்டில் ஒரு மய்யித் விழுந்தால் எந்தக் கபர்ஸ்தானில் அடக்குவது என்ற கேள்வி அந்த நேரத்தில் எழக் கூடாது. ஊரிலிருந்து புறப்படும்போதே நம் ஜமாஅத்திலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டதும் மறுத்தால்

இதைப் பேசாமல் விட முடியாது. போனில் வீடு இருக்கிறது என்றவர், பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் கொடுத்துட்டோம்" என்பது பலருக்கும் நேர்ந்திருக்கிறது. "அசைவம் சாப்பிடுவீர்களா" என்று கேட்டு மறுப்பதும் உண்டு. மனம் வலிக்கத்தான் செய்யும். அதற்காகப் பெயரை மறைத்தோ சுருக்கியோ சொல்லாதீர்கள். பின்னால் தெரிந்தால் குடியிருப்பே சங்கடமாகிவிடும். முதல் போனிலேயே பெயர், வேலை, எத்தனை பேர், அசைவம் சமைப்போம் என்பதை எல்லாம் சொல்லிவிடுங்கள். வீண் அலைச்சலும் பஸ் செலவும் குறையும்.

ஒரு வீட்டுக்காரர் மறுத்தார் என்பதற்காக அந்தத் தெருவையே தள்ளிவிடாதீர்கள். வேறு சமயத்தவர் வீடுகளில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, பிள்ளைகளின் பரீட்சைக்கு வீட்டுக்கார அம்மா காபி போட்டுக் கொடுக்கும் அளவுக்குப் பழகிய நம்மூர்க் குடும்பங்களும் உண்டு. மறுப்பு வருமோ என்ற பயத்தில், நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் கேட்கும் அதிக வாடகைக்குச் சம்மதிப்பதும் சரியல்ல.

அட்வான்ஸ், ஒத்தி, ஒப்பந்தம்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. சட்டத்தை நீட்டிச் சண்டை போட வேண்டாம். தெரிந்து வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பத்து என்பவர் ஐந்துக்கு இறங்கினாலும் நமக்கு லாபம். கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், ஆண்டுக்கு எவ்வளவு வாடகை ஏறும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து ஒத்தி. சென்னையில் 'லீஸ்' என்பார்கள். நான்கு லட்சமோ ஐந்து லட்சமோ கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது. "மாச வாடகை மிச்சம்தானே" என்று நம்மவர்கள் பலர் இதில் இறங்குகிறார்கள். கொடுத்த தொகை முழுவதும் திரும்பி வருவதால் அது கடன். கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காக அடையும் பயன் வட்டியில் சேரும் என்பது ஃபிக்ஹ் விதி. இதனால்தான் உலமாக்கள் ஒத்தியை விட்டு விலகச் சொல்கிறார்கள். பெரிய அட்வான்ஸ் கொடுத்து வாடகையைப் பெயரளவுக்குக் குறைத்துக்கொள்வதும் இதே கேள்விக்குள் வரும். உங்கள் இமாமிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்க விஷயம் ஒருபுறமிருக்க, பணமும் போகக்கூடும். இடைத்தரகர் ஒருவர் சொந்தக்காரரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, நம்மிடம் ஒத்திப் பணம் வாங்கிக்கொள்வார். சில மாதம் வாடகை கட்டிவிட்டு மறைந்துவிடுவார். வீட்டுக்காரர் வந்து காலி செய்யச் சொல்லும்போதுதான் நமக்கு விஷயம் தெரியும். நம்மூர்ச் சகோதரர் ஒருவர் மனைவியின் நகையை விற்றுக் கொடுத்த பணம் இப்படித்தான் போனது, இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே சாதாரண வாடகையாக இருந்தாலும் சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை இரண்டிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயருடையவரிடமே, முடியாவிட்டால் அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவரிடமே ஒப்பந்தம் செய்யுங்கள்.

வீட்டுப் பெண்களின் வருமானம்

நம்மூரில் எத்தனையோ வீடுகளில் பீடி சுற்றும் வருமானம் குடும்பத்தைத் தாங்குகிறது. சென்னைக்குப் போனால் அந்த வருமானம் நின்றுவிடும். கணவரின் சம்பளம் ஊரில் வாங்கியதைவிட 6,000 கூடியது என்று சந்தோஷப்படும்போது, மனைவியின் பீடிக் கூலி எவ்வளவு போயிற்று என்றும் கழித்துப் பாருங்கள். பி.எஃப். கணக்கையும், பீடித் தொழிலாளர் அட்டையை வைத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகையையும் என்ன செய்வது என்று புறப்படும் முன்பே கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். தையல், டியூஷன், வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பது என்று புதிய இடத்தில் அவர் செய்யக்கூடிய வேலை உண்டா என்பதும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியதே. இங்கே தெரு முழுக்கச் சொந்தம்; அங்கே கதவைச் சாத்தினால் தனிமை. பேச ஒரு பெண்துணை இருக்கும் தெருவுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தவறில்லை.

இந்த மாதப் பயிற்சி

குடிபோக நினைக்கும் குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்.

1. கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? அதில் பாதி எவ்வளவு?
2. பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் வாடகை, போக்குவரத்து, பள்ளி வேன், தண்ணீர், கரண்ட் ஐந்தையும் கூட்டினால் எவ்வளவு?
3. வேலைக்குப் போக வர எத்தனை மணி நேரம்? காலை நெரிசல் நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தாயிற்றா?
4. 2015, 2023 மழையில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று யாரிடம் கேட்டோம்?
5. பள்ளிவாசலுக்கும் மக்தபுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எத்தனை நிமிட நடை?
6. வீட்டின் சொந்தக்காரர் யார் என்று காகிதத்தில் பார்த்தோமா?
7. அட்வான்ஸ் எங்கிருந்து வருகிறது? வட்டி இல்லாமல் வருகிறதா?
8. ஊரில் நின்றுபோகும் வருமானம் எவ்வளவு?

இரண்டு மூன்று வீடுகளுக்கு இப்படி எழுதிவிட்டால், எது மலிவு என்று தாளே சொல்லிவிடும். பிறகு மஷ்வரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். முதல் 11 மாத ஒப்பந்தத்தைச் சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். அது முடியும்போது இதே தாளை எடுத்து, எழுதிய எண்ணுக்கும் நடந்த செலவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்த பிறகே நீட்டிப்பதா மாறுவதா என்று தீர்மானியுங்கள்.

அட்வான்ஸுக்காக நம் அறக்கட்டளையில் கர்ளு ஹஸனா கேட்கும் சகோதரர்கள் இனி இந்தத் தாளையும் மனுவோடு இணைத்துத் தாருங்கள். அலுவலகத்தில் உங்களோடு உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்துத் தர நாங்கள் இருக்கிறோம். நம் பிள்ளைகள் எந்த ஊரில் குடியிருந்தாலும் கடனில்லாமல், கண்ணியத்தோடு வாழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

அறக்கட்டளைச் செயலாளர்